பட்டாள் என்றொரு சொல்

பனமலைக்கு மாணவிகளை அழைத்துப் போவது எனக்கு ஆண்டுதோறும் வழக்கம். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட ஊர். ஏரிக்கரையில் இறங்கிப் படியேறினால் மேலே இராசசிம்மப் பல்லவன் எடுத்த தாளகிரீசுவரர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். அங்கே ஒரு சிறு சன்னதியின் சுவரில் குடையின் கீழ், ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நிற்கும் தேவியின் ஓவியம் இருக்கிறது. பாதிக்குமேல் உதிர்ந்துபோயும் முகம் மட்டும் இன்னும் நம்மைப் பார்க்கிறது. மலைச்சரிவில் ஒரு சிறு குடைவரையில் மகிடாசுரனை வதைக்கும் துர்க்கை. கல்லில் போரிடும் பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை. தெய்வமாக இருந்தால் போதும்.

போன முறை நடுகல் பாடம் முடித்த கையோடு போயிருந்தோம். இறுதியாண்டு மாணவி ஒருத்தி படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டாள்: "மேடம், சண்டை போட்டுச் செத்த பொம்பளைக்கு நடுகல் உண்டா?" உடன்கட்டை ஏறியவளுக்கு உண்டு என்றேன். "அது சண்டையில்லையே மேடம்" என்றாள். சரிதான். அது சண்டையில்லை.

அவள் கேள்விக்கு அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

தொல்காப்பியம் நடுகல்லுக்குப் படிநிலைகள் சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது, எடுத்துவருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. இலக்கணம் என்று நாம் மனப்பாடம் செய்யும் இந்த வரிசை உண்மையில் ஒரு கூட்டுத் துக்கத்தின் நடைமுறை. இறந்தவனுக்காக ஓர் ஊர் எத்தனை நாள் வேலை செய்தது என்பதன் கணக்கு. எங்களுக்கு வடமேற்கே செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்தன. 1972இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து நூலாகவே வெளியிட்டது. அந்தக் கல்வெட்டுகளின் நடை எனக்குப் பிடிக்கும். அலங்காரம் இல்லை. எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊரில் தொறு கொண்டபோது அல்லது மீட்டபோது, இன்னான் பட்டான். அவ்வளவுதான். மாடு மீட்கப் போய்ச் செத்த ஒரு சாதாரண ஆளின் பெயர் ஆயிரத்து முந்நூறு, நானூறு ஆண்டு கழித்தும் நமக்குத் தெரிகிறது. அவனுடைய ராசாவின் பெயரோடு சமமாக, ஒரே கல்லில்.

அந்தக் கற்களில் பெண் வந்தால் பெரும்பாலும் தீயில் இறங்கியவளாகவே வருகிறாள். வடதமிழகத்து ஊர்களில் தீப்பாஞ்சம்மன் என்ற பெயரில் கும்பிடப்படுகிறவர்கள் பலர் அப்படி எரிந்தவர்கள். செஞ்சியில் 1714இல் ஆர்க்காட்டு நவாபோடு பொருது இருபத்திரண்டு வயதில் செத்த தேசிங்குராசனுக்குத் தெருக்கூத்தும் கதைப்பாடலும் இருக்கின்றன. அவனுடைய குதிரைக்கும் தோழன் மோவுத்துக்காரனுக்கும்கூட அந்தக் கதைப்பாடலில் இடம் உண்டு. அவனோடு எரிந்த மனைவியின் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். ஒரு நகரத்தின் பெயரே அவளுடையது. ஆனால் பாருங்கள், அதில் அவள் பெயர் இல்லை. ராணி என்பது பெயரா, பதவியா?

சங்கப் பாடல்களில் போர்க்களத்துத் தாய்மார்களைப் பாடியவர்கள் பெண்கள். காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் தாய், மகன் புறமுதுகிட்டான் என்று கேட்டுக் கொதித்து, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்துகிடக்கும் மகனைக் கண்டு, பெற்றபோதைவிடப் பெரிதாக மகிழ்கிறாள். ஒக்கூர் மாசாத்தியாரின் தாய் வீட்டு ஆண்கள் எல்லோரையும் முன்பே போருக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய சிறுவனுக்குத் தலைவாரி வேல் கொடுத்து அனுப்புகிறாள். மேடைப் பேச்சாளர்கள் இந்தப் பாடல்களைத் தேய்த்துத் தேய்த்து அவற்றின் பயங்கரத்தையே போக்கிவிட்டார்கள். வகுப்பில் நான் நச்செள்ளையாரை நடத்தும்போது மகிழ்ச்சியில் நிற்பதில்லை, தேடலில் நிற்பேன். அந்தத் தாயால் களத்துக்குப் போக முடிந்தது, பிணத்தைப் புரட்ட முடிந்தது, இது என் மகன் என்று சொல்ல முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் போர்கள் தாயிடமிருந்து முதலில் பறித்தது இதைத்தான்.

முதல் உலகப்போருக்குப் பிறகு சென்னை மாகாணத்து ஊர்கள் சிலவற்றில் ஒரு பலகைக்கல் பதித்தார்கள். இந்த ஊரிலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று இருக்கும். எண் இருக்கும், பெயர் இருக்காது. ஈராக்கில் பஸ்ரா நினைவகம் 1929இல் திறக்கப்பட்டது. கல்லறை தெரியாத நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கானது அது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குச் சுவரில் பெயர் வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கு, அதிகாரிகள் தவிர, படைப்பிரிவின் பெயரும் எண்ணிக்கையும்தான். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021இல் ஓர் அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியருமாகக் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைகூட, பெயரிட்டு நினைக்கப்படவில்லை அல்லது நினைக்கப்படவே இல்லை என்றது அது. செங்கத்தில் மாடு மீட்டவனுக்குக் கிடைத்தது பேரரசுக்காகச் செத்தவனுக்குக் கிடைக்கவில்லை.

இதெல்லாம் ஆண்களின் கதை. என் மாணவி கேட்டது வேறு.

ஸ்டெல்லா, ஜோசபின் என்று இரண்டு பெண்கள். 1945இல் ரங்கூன் வீழ்வதற்குச் சற்று முன்பு, பர்மாவிலிருந்து பாங்காக் நோக்கிப் பின்வாங்கிய ரயிலில் இருந்தவர்கள். இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையைச் சேர்ந்த சிப்பாய்கள். வழியில் கெரில்லாக்கள் மறைந்திருந்து ரயிலைத் தாக்கினார்கள். இருவரும் இறந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் எதிரியின் குண்டுக்குப் பலியானவர்கள் என்று உடனிருந்தவர்கள் பெயர் சொல்லி நினைவுகூர்வது இவர்கள் இருவரைத்தான். அவர்கள் பெயர் பொறித்த கல்லறை எதுவும் அறியப்படவில்லை. தகப்பன் பெயர், ஊர்ப் பெயர் எதுவும் ஒட்டாமல் வெறும் இரண்டு பெயர்களாகவே வரலாற்றில் நிற்கிறார்கள்.

ஒட்டாத அந்தப் பெயர்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று சொல்ல, படையில் அவர்களோடு இருந்த பெண்களின் வாழ்க்கையைத்தான் பார்க்க வேண்டும். அந்தப் படையின் பெரும்பகுதி மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை என்று நம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன குடும்பங்களின் பிள்ளைகள். தென் ஆர்க்காடு என்றால் எங்கள் விழுப்புரமும் திண்டிவனமும் செஞ்சியும்தான். அந்தக் குடும்பங்களின் பெண்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள். எந்த நாட்டை விடுவிக்கத் துப்பாக்கி தூக்கினார்களோ அந்த நாட்டை அவர்கள் பார்த்ததே இல்லை.

தோட்டத்தில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு என்றால் பெண்ணுக்கு 40. அந்தக் குறைந்த கூலியையும் 1930களின் மந்தத்தில் இன்னும் வெட்டினார்கள். 1941இல் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதன் கோரிக்கைகளைப் படித்தால் தோட்டம் என்பது என்ன இடம் என்று விளங்கும். கூலியை உயர்த்து என்பதோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கு என்றார்கள். துரைகளும் கிராணிகளும் எங்கள் பெண்களிடம் கைவைப்பதை நிறுத்து என்றார்கள். பட்டாளம் வந்தது, சுட்டது, ஆட்கள் செத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே ஜப்பான்காரன் வந்தான்.

ஜப்பான்காரன் வந்ததும் சயாம் மரண ரயில்பாதை. 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இரண்டு முனையும் இணைந்தது. தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் அதற்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அங்கே செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள், ஒழுங்காகப் புல் வெட்டி, பெயர் எழுதி இருக்கின்றன. தமிழ்க் கூலிக்கு அப்படி ஒன்று கிடையாது. ரயில்பாதைக்குப் பிடித்துப் போய்விடுவான் என்ற பயத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத்து ஆண்கள் பலர். பெண்கள் எதற்காகச் சேர்ந்தார்கள் என்று கேட்டால் நம்மவர்கள் உடனே தேசப்பற்று என்று எழுதிவிடுகிறார்கள். தேசப்பற்றும்தான். ஆனால் ஒரு வேளைச் சோறு, கிராணியின் கைக்கு எட்டாத ஓர் இடம், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு வரிசை, இவையும் காரணங்கள்தாம். இவற்றைச் சொல்வது அந்தப் பெண்களைச் சிறுமைப்படுத்துவதாகாது. சொல்லாமல் விடுவதுதான் அவர்களைச் சுவரொட்டிப் படமாக்குகிறது.

சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த சில நாட்களிலேயே பெண்கள் படை அமைக்கப்போவதாக அறிவித்தார். அதற்குத் தலைமை ஏற்றவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த இருபத்தெட்டு வயது மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன். 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் முகாம் திறந்தது. காக்கிச் சட்டை, கால்சட்டை, தொப்பி. பலர் நீண்ட கூந்தலை வெட்டிக்கொண்டார்கள். ரைஃபிள், துப்பாக்கிமுனைக் கத்தி, இரவு நடை. கட்டளை மொழி இந்துஸ்தானி. தமிழ் மட்டுமே தெரிந்த, பலர் கையெழுத்துப் போடவும் தெரியாத பெண்கள் அந்த மொழியில் அணிவகுத்தார்கள். எழுதப் படிக்கவும் அங்கேதான் சிலர் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு சின்ன விவரம் எனக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருக்கிறது. படையில் சேர விரும்பும் பெண் தகப்பனிடமோ கணவனிடமோ சம்மதம் வாங்கி வர வேண்டும். நாட்டுக்காகச் சாகவும் வீட்டு ஆணின் கையெழுத்து. பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்ட ஜானகி தேவர், அப்போது பதினெட்டு வயது, வசதியான வீட்டுப் பெண், அதற்காகத் தகப்பனோடு போராட வேண்டியிருந்தது. ஸ்டெல்லாவுக்கும் ஜோசபினுக்கும் யாராவது ஒருவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருக்க வேண்டும். அந்தத் தாள் எரிந்திருக்கும். தோற்ற படையின் காகிதங்கள் எல்லாம் அப்படித்தான். அந்தப் படையில் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் உடன்பாடு இல்லை. சில நூறு என்பாரும் உண்டு, ஆயிரத்தைத் தாண்டும் என்பாரும் உண்டு.

1944இல் ஒரு பகுதிப் பெண்கள் பர்மாவுக்குப் போனார்கள். போன வழி அதே சயாம் ரயில்பாதை. இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். தன் தோட்டத்து ஆண்களைத் தின்ற பாதையின் மேல், ராணுவ உடையில், டெல்லி போகிறோம் என்ற நம்பிக்கையில் அந்தப் பெண்கள் போயிருக்கிறார்கள். சன்னலுக்கு வெளியே என்ன தெரிந்திருக்கும்? அதைக் கவிதையாக எழுதப் பலமுறை முயன்று கிழித்துப்போட்டேன். என் கற்பனைக்கு அந்தச் சன்னலோரத்தில் உட்கார உரிமை இல்லை என்று தோன்றியது.

இம்பால் தாக்குதல் தோற்றது. பெண்கள் போர்முனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டும், மேம்யோவில் மருத்துவமனைப் பணியும் காத்திருப்பும்தான் பெரும்பாலோருக்கு வாய்த்தது. இதைக் கொண்டு அந்தப் படை வெறும் காட்சிக்கு வைத்தது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். சண்டையில் நின்றவரைத்தான் சிப்பாய் என்பதானால், சமையலும் கிடங்குமாய்ப் போர்க்காலத்தைக் கழித்த பாதி ஆண் படையையும் கணக்கிலிருந்து நீக்கட்டும். குண்டு மழையில் காயக்காரர்களைச் சுமந்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம்.

பின்வாங்கும்போது பெண்கள் வெவ்வேறு குழுக்களாகப் பிரிந்தார்கள். 1945 ஏப்ரல் 24 இரவு ரங்கூனை விட்டுக் கிளம்பிய குழுவோடு போஸ் தானும் நடந்தார். ஜானகி அந்தக் குழுவில் இருந்தார். மழை, சேறு, சித்தாங் ஆறு, மேலே விமானம், கொப்புளம் வெடித்த கால்கள். அந்த நடை நிறைய எழுதப்பட்டிருக்கிறது. தலைவர் கூட இருந்தார் அல்லவா. ரயிலில் போன குழுவின் கதை இரண்டு மூன்று வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. ரயில் தாக்கப்பட்டது, இருவர் இறந்தனர், மற்றவர்கள் பயணத்தைத் தொடர்ந்தனர். என் கவலை எல்லாம் அந்த மூன்றாவது வாக்கியத்தில் இருக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் பதினாறு, பதினேழு, இருபது வயதுப் பெண்கள். ஒரு பயிற்சி மைதானத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவள் கிடக்கிறாள். இருட்டு. மீண்டும் சுடுவார்களா என்று தெரியாது. நச்செள்ளையாரின் தாய்க்கு இருந்த நேரம் இவர்களுக்கு இருந்திருக்காது.

அந்த நாடுகளில் போர் முடிந்ததும் கற்கள் எழுந்தன. ரங்கூனுக்கு அருகே தாவ்க்கியான் கல்லறைத் தோட்டத்தில், கல்லறை தெரியாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் தூண்களில் இருக்கின்றன. சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000க்கு மேல். பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் சேர்ந்து ஜப்பானியரோடு போரிட்டுச் செத்த தமிழ்ச் சிப்பாய்களின் பெயர்களும் அங்கே உண்டு. எதிர்ப்பக்கம் நின்ற ஸ்டெல்லாவுக்கும் ஜோசபினுக்கும் அங்கே இடமில்லை. அது ஆணையத்தின் விதி. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர்களுடைய பக்கத்திலும் ஒரு கல் எழுந்தது. 1945 ஜூலை 8 அன்று சிங்கப்பூர்க் கடற்கரையோரம் இந்திய தேசிய இராணுவத்தின் பெயர் தெரியாத வீரனுக்கு ஒரு நினைவுத்தூணுக்குப் போஸ் அடிக்கல் நாட்டினார். கட்டியும் முடித்தார்கள். செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் மவுண்ட்பேட்டன் உத்தரவில் அதை இடித்துத் தள்ளினார்கள். செத்தவரை மறுபடி சாகடிப்பது என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான். அரை நூற்றாண்டு கழித்து, 1995இல், அந்த இடத்தில் சிங்கப்பூர் அரசு ஒரு குறிப்புப் பலகை வைத்தது.

சுதந்திரம் வந்த பிறகு ஒன்று இரண்டு பெயர்கள் மேலே வந்தன. லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தபடி வாழ்ந்தார், 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றார், 2012இல் மறைந்தார். ஜானகி மலேசிய அரசியலில் இருந்தார். பதினாறு வயதில் படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன் ஆசிரியையாகி, மலேயாவில் பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டுச் சங்கம் அமைத்தார். 50 காசு, 40 காசுக் கணக்கை அவர் மறக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். இவர்கள் படித்தவர்கள், பேட்டி கொடுக்கத் தெரிந்தவர்கள். மற்றவர்கள் தோட்டத்துக்கே திரும்பினார்கள். கூந்தல் வளர்ந்தது. மீண்டும் விடியலில் பால்வெட்டப் போனார்கள். படையில் இருந்ததைக் கல்யாணப் பேச்சில் மறைத்த வீடுகளும் உண்டு. ஆண்களோடு முகாமில் தங்கியவள் என்று ஒரு பேச்சு வந்தால் போதுமே.

இந்தப் பருவத்தில் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். செங்கம் கல்வெட்டுகளின் அமைப்பில், தங்களுக்குத் தெரிந்த யாருக்காவது ஒரு நடுகல் வாசகம் எழுதிவர வேண்டும். பெரும்பாலோர் தாத்தாவுக்கு எழுதினார்கள். ஒருத்தி கிணற்றில் விழுந்த தன் தம்பிக்கு எழுதியிருந்தாள், அதை அவளால் வாசிக்க முடியவில்லை. படியில் உட்கார்ந்து கேள்வி கேட்டவள் ஸ்டெல்லாவுக்கு எழுதினாள். ஆட்சியாண்டு என்ற இடத்தில் யாருடைய ஆட்சி என்று கேட்டு என்னிடம் இரண்டு முறை வந்தாள். பிரிட்டிஷ் அரசா, ஜப்பானா, சுதந்திர இந்தியத் தற்காலிக அரசா? நீயே முடிவு செய் என்றேன். தற்காலிக அரசின் இரண்டாம் ஆண்டு என்று போட்டாள். இன்னார் மகள் என்ற இடத்தைக் கோடிட்டு விட்டாள். இன்ன ஊர் என்ற இடத்தையும். எங்கே என்பதற்கு, ரயில்பாதையோரம் என்று எழுதினாள். கடைசிச் சொல்லை எழுதிவிட்டு நோட்டை என் மேசையில் வைத்தாள்.

"பட்டாள்னு எந்தக் கல்வெட்டுலயாவது இருக்கா மேடம்? தப்புன்னா அடிச்சுடுறேன்" என்றாள்.

அடிக்க வேண்டாம் என்றேன்.